தையல் யூனிட் போடலாமா, சம்பளத்திலேயே இருந்துவிடலாமா?

நீங்கள் கேட்டதை ஒருமுறை என் பாணியில் சொல்லிப் பார்க்கிறேன். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் பார்க்கிறீர்கள். சேர்த்து வைத்த பணத்தில் 15 மெஷின் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கலாம் என்று ஆசை. மச்சினனும் நண்பர்களும் குறுக்கே நிற்கிறார்கள். "10 பேருக்கு மேல் ஆள் காட்டாதே, 40 லட்சத்துக்கு மேல் பில் போடாதே, முடிந்தவரை கையிலேயே வாங்கு, இல்லாவிட்டால் கவர்மென்ட் உன்னை நிம்மதியாக விடாது" என்கிறார்கள். இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, "எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் தொந்தரவு வருமா?" என்று, அதைத்தான் நான் உங்கள் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். வரும். எவ்வளவு வரும், யாரிடமிருந்து வரும் என்பதில்தான் உங்கள் நண்பர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு.

என்னைப் பற்றி இரண்டு வரி. விற்பனை வரி காலத்திலிருந்து சிறு யூனிட்டுகளுக்குக் கணக்கு, ரிட்டர்ன், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அரசாங்கம் "எளிமைப்படுத்துகிறோம்" என்று அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வாடிக்கையாளர் கூடுகிறார்கள். ஆக, இந்தக் குழப்பத்தில் லாபம் பார்க்கும் ஆள் நான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வக்கீல் இல்லை. கட்டட அனுமதி, தீயணைப்புச் சான்று, மாசுக் கட்டுப்பாடு எல்லாம் என் மேஜைக்கு வராதவை. அவற்றை அந்தந்த ஆட்களிடம் கேளுங்கள்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த 40 லட்சம் உங்களுக்குப் பொருந்தாது. அது சரக்கு விற்பவர்களுக்கான வரம்பு. நீங்கள் செய்யப்போவது அடுத்தவர் துணியைத் தைத்துக் கொடுப்பது, துணி உங்களுடையது இல்லை. ஜிஎஸ்டி சட்டம் இதைச் சேவை என்றுதான் பார்க்கிறது. சேவைக்கு வரம்பு 20 லட்சம். உங்களுக்கு 40 லட்சம் என்று சொன்னவர் அநேகமாகக் கடை வைத்திருப்பார், அவர் கணக்கில் அது சரி. இப்போது ஒரு பெருக்கல் போடுங்கள். 15 டெய்லர், ஆளுக்கு மாதம் 15,000 என்று வைத்தாலே வருடக் கூலி மட்டும் 27 லட்சம். வாடகை, கரண்ட், நூல், உங்கள் லாபம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. கூலியைத் திரும்ப எடுக்கும் அளவுக்கு பில் போட்டாலே 20 லட்சத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். அப்புறம் "தாண்டலாமா வேண்டாமா" என்று யோசிக்க என்ன இருக்கிறது? ஆள் கணக்கும் அப்படித்தான். 15 மெஷினுக்கு 15 டெய்லர் மட்டும் போதாது என்று உங்களுக்கே தெரியும். கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று 20-ஐத் தொட்டுவிடும். நண்பர்களின் அறிவுரை முழுவதும் 6 மெஷின் போடுபவனுக்கானது.

ஜவுளி ஜாப் ஒர்க்குக்கு வரி 5 சதவீதம். கம்பெனி அதைக் கொடுத்துவிட்டுத் தன் கணக்கில் வரவு எடுத்துக்கொள்ளும், அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும். ஆகவே வரி விகிதம் உங்கள் கழுத்தை நெரிக்காது. விகிதத்துக்காகச் சண்டை போடுகிறவர்கள் வேறு. நல்லவேளை, நீங்கள் பரோட்டா போடவில்லை. 2020-இல் கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம், பாக்கெட்டில் வரும் பரோட்டா ரொட்டி வகையில் சேராது, எனவே 5 சதவீதம் இல்லை, 18 சதவீதம் என்றது. 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் 5 தான் என்றது. 2025 செப்டம்பர் 22 முதல் ரொட்டி, சப்பாத்தி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரியே இல்லை என்று ஆகிவிட்டது. இடைப்பட்ட 5 வருடம் படித்தவர்கள் பலர் சம்பளம் வாங்கிக்கொண்டு, சூடு பண்ணிச் சாப்பிட வேண்டியது ரொட்டியா இல்லையா என்று வாதிட்டார்கள்.

ராஜாஜி 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்' என்று சாடிய காலத்தில், தொழில் தொடங்குவதற்கே அனுமதி வாங்க வேண்டும். டெல்லிக்கு நடக்க வேண்டும். அந்தக் கஷ்டம் இப்போது உங்களுக்குக் கிடையாது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவை ஆதாரும் பான் கார்டும் வைத்துக்கொண்டு டீ குடிக்கும் நேரத்தில் போனிலேயே முடித்துவிடலாம், கட்டணம் இல்லை. (இதற்குக் காசு கேட்கும் இணையதளங்கள் இருக்கின்றன. அரசு முத்திரை மாதிரி ஒன்றை மேலே போட்டுக்கொண்டு நிற்கும். கட்டாதீர்கள்.) தொல்லை தொடங்குவதில் இல்லை, தொடங்கிய பிறகு இருக்கிறது. அரசாங்கம் தான் செய்ய வேண்டிய காவல் வேலையையும் வசூல் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தலையில் இறக்கி வைக்கிறது, சம்பளம் இல்லாமல். அத்துமீறல் என்று நான் சொல்வது இதைத்தான்.

எப்படி என்று பாருங்கள். நீங்கள் தையல் நூல் வாங்குகிறீர்கள். பில்லில் வரி போட்டிருக்கிறது, பேங்க் மூலம் முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். நூல்கடைக்காரர் தன் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டவில்லை. போர்ட்டலில் உங்கள் கொள்முதல் பில்களைக் காட்டும் 2பி பட்டியலில் அது வராது. வராவிட்டால் அந்த வரியை நீங்கள் வரவு எடுக்க முடியாது. சரி, பில்லைக் காட்டினார், ஆனால் பணத்தை அரசுக்குக் கட்டாமல் கடையைப் பூட்டிவிட்டார் என்றால்? இரண்டு வருடம் கழித்து நோட்டீஸ் உங்களுக்கு வரும். அவர் கதவு பூட்டியிருக்கிறது, உங்கள் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான் காரணம். வரி கட்டினாரா என்று பார்க்க அரசாங்கத்துக்கு அதிகாரிகள் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் இருக்கிறது, கைது செய்யும் அதிகாரமே இருக்கிறது. நூல் வாங்கப் போன உங்களிடம் என்ன இருக்கிறது? வேண்டுமானால் அடுத்த முறை வேறு கடையில் வாங்கலாம்.

இந்த விஷயத்தில் சட்டம் எந்தப் பக்கம் என்பது முழுக்கத் தெளிவாக இல்லை. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ரப்பர் ஷீட் வாங்கிய ஒரு நிறுவனத்தின் வழக்கில், வரியைக் கட்டாத விற்பனையாளரை விசாரிக்காமல் வாங்கியவரை மட்டும் பிடித்தது தவறு என்று உத்தரவை ரத்து செய்தது. நான் பதில் எழுதும்போதெல்லாம் அதை மேற்கோள் காட்டுகிறேன். சில அதிகாரிகள் ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் "சட்டத்தில் அப்படி இல்லையே" என்று தள்ளிவிடுகிறார்கள். 2022 ஜனவரியில் சட்டத்தையும் இறுக்கிவிட்டார்கள். மற்ற மாநில நீதிமன்றங்கள் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கின்றன. ஆகவே உங்களுக்கு இப்படி ஒரு நோட்டீஸ் வந்தால் ஜெயிப்பீர்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நூல், ஊசி, எலாஸ்டிக் எல்லாவற்றையும் ஒழுங்காக ரிட்டர்ன் போடும் கடையில் வாங்குங்கள், இரண்டு ரூபாய் கூட இருந்தாலும் பரவாயில்லை என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்று. நீங்கள் வரியைத் தாமதமாகக் கட்டினால் வருடத்துக்கு 18 சதவீத வட்டி. அரசாங்கம் உங்களுக்குத் தர வேண்டிய ரீஃபண்டை 60 நாளுக்கு மேல் இழுத்தால் அது தரும் வட்டி 6 சதவீதம். இரண்டுமே ஒரே சட்டத்தில்தான் இருக்கின்றன. கந்துவட்டிக்காரர்கூட கொடுக்கல் வாங்கலில் இவ்வளவு வெளிப்படையாக நடந்துகொள்ள மாட்டார்.

மாதம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். 7-ஆம் தேதிக்குள், அடுத்தவருக்குக் கொடுக்கும் பணத்தில் முன்கூட்டியே பிடித்த வருமான வரியை, அதாவது டிடிஎஸ், கட்ட வேண்டும், பிடிக்கும் பொறுப்பு உங்களுக்கு வந்திருந்தால். 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஜிஎஸ்டியில் 5 கோடிக்குள் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு ரிட்டர்ன் என்ற திட்டம் 2021 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஆனால் வரியை முதல் இரண்டு மாதங்களுக்கு அடுத்த மாதம் 25-க்குள்ளும், மூன்றாவது மாதத்துக்கு ரிட்டர்னோடும் கட்டிவிட வேண்டும். ஏற்றுமதி கம்பெனிகள் மாதாமாதம் பில் ஏற்றச் சொல்லிக் கேட்கும், அவர்களுக்கு வரவு வேண்டுமே. கூடவே அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்குத் தொழில்வரி. இதற்கு நடுவில் சனிக்கிழமை தோறும் கூலிப் பட்டுவாடா. கடைசி நாளில் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய், வேலையே நடக்காத மாதத்துக்கும் நாளுக்கு 20 ரூபாய். சிறியவர்களுக்கு இதற்கு உச்சவரம்பு உண்டு, ஆகவே அபராதத் தொகை பெரிதல்ல. தைக்கத் தெரிந்த ஆள் தைப்பதை விட்டுவிட்டு ஓடிபிக்காகக் காத்திருப்பதுதான் வலிக்கிறது. பெரிய கம்பெனியில் இதற்கென்று ஒரு டிபார்ட்மென்ட் இருக்கும். 15 மெஷின் யூனிட்டில் அந்த டிபார்ட்மென்ட் நீங்கள்தான், அல்லது உங்கள் மனைவி.

அடுத்து அந்த 10, 20 கதை. இ.எஸ்.ஐ.க்கு 10 பேர், பி.எஃப்.க்கு 20 பேர். "19-லேயே நிறுத்து" என்பது எங்கள் ஊரில் வேதவாக்கு. 19-ஐத் தாண்டியதும் யூனிட் இரண்டாகப் பிரியும். ஒன்று உங்கள் பெயரில், இன்னொன்று வீட்டுக்காரம்மா பெயரில். ஒரே கேட், ஒரே மீட்டர், ஒரே சூப்பர்வைசர், இரண்டு பெயர்ப்பலகை. பி.எஃப். சட்டத்தில் கிளைகளையும் பிரிவுகளையும் ஒரே நிறுவனமாகச் சேர்த்துப் பார்க்க வழி இருக்கிறது. சேர்த்துவிட்டால் ஆரம்ப நாளிலிருந்து கணக்குப் போட்டு, தொழிலாளி பங்கையும் உங்களிடமே கேட்பார்கள். போன ஆளைத் தேடிப்பிடித்து அவர் பங்கை வாங்க முடியுமா? சட்டமும் அதற்கு இடம் தராது. இப்படி ஒருவர் என்னிடம் வந்தபோது கட்ட வேண்டிய தொகை அவர் மெஷின்களின் விலையைவிட அதிகம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: ஒருமுறை 20 ஆகி பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்தாலும் வெளியே வர முடியாது.

இதில் அரசாங்கத்தை மட்டும் குறை சொல்ல முடியவில்லை என்பது வேடிக்கை. "பி.எஃப். புடிக்காதீங்க, அந்தக் காசையும் சேர்த்துக் கையில குடுத்துருங்க" என்று கேட்பது பெரும்பாலும் தொழிலாளியேதான். வாரக் கூலியில் வாழ்கிறவருக்கு 20 வருடம் கழித்து வரும் பணம் கண்ணுக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கம்பெனி மாறும்போது பழைய கணக்கை மாற்ற முயன்று, ஆதாரில் ஒரு எழுத்து, பி.எஃப். பதிவில் ஒரு எழுத்து என்று இருந்து, அலைந்து கைவிட்டவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வதைத்தான் புதிதாக வருபவர் கேட்கிறார்.

ஆனால் இ.எஸ்.ஐ. விஷயத்தில் நான் உங்கள் நண்பர்களுக்கு நேர் எதிர். 15,000 சம்பளத்துக்கு முதலாளி பங்கு 3.25 சதவீதம், சுமார் 488 ரூபாய். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், 113 ரூபாய். அதற்கு அவர் குடும்பத்துக்கே வைத்தியம், உடம்பு முடியாமல் படுத்தால் வருடத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம், பேறுகாலத்துக்கு 26 வாரம். மருத்துவமனையில் வரிசை நீளம், மருந்து சில சமயம் இருக்காது, எல்லாம் உண்மை. ஆனால் உங்கள் பேட்லாக் மெஷினில் ஒரு பெண்ணுக்கு ஊசி விரலில் இறங்கிவிட்டது, அல்லது அயர்ன் பாய்லரில் கை வெந்துவிட்டது என்றால், இ.எஸ்.ஐ. இல்லாத யூனிட்டில் இழப்பீடு முழுக்க உங்கள் சொந்தத் தலையில் விழும். 488 ரூபாய்க்கு அந்தக் கவலை இல்லாமல் தூங்கலாம்.

எல்லா விதியும் அத்துமீறல் என்று பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாததற்குக் காரணம் நம் ஊர் நொய்யல் ஆறே. சாயப்பட்டறைகளை யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டிருந்தார்கள். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது. கீழே விவசாயிகளின் கிணறு கெட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூற்றுச் சொச்சம் பட்டறைகளை ஒரே உத்தரவில் மூடச் சொன்னது. அன்றைக்கு ஒழுங்காகச் சுத்திகரித்தவனும் சேர்ந்துதான் மூடினான். நாள்தோறும் செய்ய வேண்டிய சின்னக் கண்காணிப்பை அரசு செய்யாமல் விட்டால், ஒருநாள் இப்படித்தான் வந்து இறங்கும். உங்கள் யூனிட்டில் சாயம், சலவை இல்லாதவரை அந்தப் பக்கக் கெடுபிடி உங்களுக்குக் குறைவு. அதேபோல் 2021-இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டம் திருத்தியபோதும் சில முதலாளிகள் "இதிலுமா தலையிடுவது" என்றார்கள். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

சரி, அதிகாரிகள். இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் வாடிக்கையாளர் ஒருவரின் சரக்கு, டி-ஷர்ட் பேல்கள், 4 லட்சம் மதிப்பு, பெங்களூருக்குப் போகிறது. இன்வாய்ஸ் இருக்கிறது, சரக்கோடு போக வேண்டிய இணையச் சீட்டான இ-வே பில் இருக்கிறது, வரி சரி. வண்டி எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் தவறு, 7-க்குப் பதில் 1. இரவில் பறக்கும் படை நிறுத்தியது. டிரைவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி, வண்டியை ஓரம் கட்டி, வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் என்றார் அதிகாரி. 5 சதவீத வரி 20,000, அபராதம் 40,000. "கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க, இல்லைன்னா வண்டி இங்கேயே நிக்கும்." டிரைவர் ராத்திரி 2 மணிக்குப் போன் போடுகிறார். முதலாளி கட்டிவிடலாம் என்கிறார், டெலிவரி தேதி கழுத்துக்கு மேலே நிற்கிறது. ஆனால் 2018 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய மறைமுக வரி வாரியச் சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. பெயரில் எழுத்துப்பிழை, பின்கோடு தவறு, வண்டி எண்ணில் ஓரிரு இலக்கம் தவறு, இப்படிப்பட்ட சில்லறைத் தவறுகளுக்கு மொத்தம் 1,000 ரூபாய்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதிகாரி பார்த்தார், "மேலிடத்தில் கேட்கணும்" என்றார். மறுநாள் மத்தியானம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டு வண்டியை விட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரியாக முடிந்தது. வண்டிக்கு ஒருநாள் வாடகையும், பெங்களூர்க்காரரின் திட்டும் எங்கள் கணக்கில். அந்த அதிகாரி லஞ்சம் எதுவும் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கும் மாத வசூல் இலக்கு என்று ஒன்று இருக்கும் என்பது என் ஊகம், நிரூபிக்க முடியாது.

"மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை" என்று உங்கள் அப்பா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துக்கு அது போதும். இப்போது மடி காலியாக இருக்கிறது என்பதற்கே பில் வைத்திருக்க வேண்டும்.

நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில் போர்ட்டலில் உள்ளே போய்ப் பாருங்கள். பல நோட்டீஸ்கள் தபாலில் வருவதில்லை, போர்ட்டலில் ஒரு மூலையில் கிடக்கும், நாள் ஓடிக்கொண்டிருக்கும். மத்திய ஜிஎஸ்டி அலுவலகக் கடிதம் என்றால் அதில் 'டின்' என்ற ஆவண அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2019 நவம்பரிலிருந்து அது கட்டாயம் (போர்ட்டல் வழியே வருவதற்கு 2025 முதல் அதன் குறிப்பு எண்ணே போதும்), உண்மையா என்று இணையத்திலேயே சரிபார்க்கலாம். பிறகு எழுத்தில் பதில் கொடுங்கள். நேரில் போய் "சார், கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்வதுதான் செலவு பிடிக்கும் வழி. ஆறு மாதம் ரிட்டர்ன் போடாமல் விட்டால் பதிவையே ரத்து செய்வார்கள். கொரோனா காலத்தில் அப்படி ரத்தானவர்கள் ஆயிரக்கணக்கில். சேலம் பக்கத்து வழக்கு ஒன்று, சுகுணா கட்பீஸ் சென்டர் என்ற பெயரில், 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. பாக்கி ரிட்டர்ன், வரி, வட்டி, தாமதக் கட்டணம் எல்லாம் கட்டினால் பதிவைத் திருப்பிக் கொடுங்கள், இவர்களை ஜிஎஸ்டிக்கு வெளியே வைத்திருப்பதால் யாருக்கும் பயனில்லை என்றது நீதிமன்றம். ஒரு வெட்டுத்துணிக் கடை உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் "நான் வரி கட்டத் தயார்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

"கையிலேயே வாங்கு" என்பதை விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேலை தருபவை கம்பெனிகள். அவர்கள் பேங்கில்தான் போடுவார்கள், 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள், அது உங்கள் பான் எண்ணில் வருமான வரித்துறைக்குத் தெரிந்துவிடும். மறைக்க இடமே இல்லை. 2025 ஜூலையில் பெங்களூரில் என்ன நடந்தது என்று படித்திருப்பீர்கள். யூபிஐ வரவை வைத்து வணிகவரித் துறை பேக்கரி, டீக்கடை, காய்கறிக்கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப, கடைகளில் 'நோ யூபிஐ' என்று எழுதி ஒட்டினார்கள். புதிய காய்கறிக்கு வரியே கிடையாது. அதையும் சேர்த்து எல்லா வரவையும் கூட்டி, ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரரிடம் 29 லட்சம் கேட்டார்கள். முதல்வர் தலையிட்ட பிறகுதான் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்றார்கள். பத்து வருடமாக "டிஜிட்டலுக்கு மாறுங்கள்" என்று கெஞ்சிவிட்டு, மாறியவனுக்கு முதல் நோட்டீஸ் அனுப்பினால் அடுத்தவன் எப்படி மாறுவான்?

ஆனால் உங்கள் யூனிட் மூடும் நிலை வந்தால் காரணம் அரசாங்கமாக இருக்காது என்பது என் அனுபவம். பேமென்ட்தான் காரணமாக இருக்கும். தொழிலாளிக்குச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும், கம்பெனி உங்களுக்கு 90 நாளில் கொடுக்கும், சில சமயம் 120. இதற்குத்தான் அரசாங்கம் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்து, 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். தாண்டி நின்று, வருடக் கடைசியிலும் பாக்கி இருந்தால், வாங்கியவர் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. எண்ணம் நல்ல எண்ணம்தான். விளைவு என்ன தெரியுமா? "உத்யம் நம்பரைப் பில்லில் போடாதீங்க, முடிஞ்சா கேன்சல் பண்ணிடுங்க" என்று சில கம்பெனிகள் கேட்க ஆரம்பித்தன. உங்கள் நண்பர் "உத்யம் எடுக்காதே" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள், அது இங்கிருந்து வந்த அறிவுரை. தாமதத்துக்கு வட்டி கேட்கும் உரிமை 2006 சட்டத்திலிருந்தே இருக்கிறது, பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. கோவையில் இதற்கென்று கவுன்சில் இருக்கிறது. புகார் கொடுத்துப் பணம் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே கம்பெனியில் மறுபடி ஆர்டர் வாங்கியவரைப் பார்த்ததில்லை. ஆகவே இது கடைசி அஸ்திரம், கணக்கு முடித்துக்கொண்டு போகும்போது மட்டும் எடுக்க வேண்டியது. பதிவு மட்டும் எடுத்து வையுங்கள், பேங்க் கடனுக்காவது உதவும்.

வேலை நேரம் பற்றிக் கடைசியில் கேட்டதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றி, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். எங்கள் ஊரில் காலை எட்டரைக்கு வந்து ராத்திரி எட்டரைக்குப் போகிறவர்கள் அன்றும் அதே நேரத்துக்குத்தான் போனார்கள். ஒன்றரை ஷிப்ட் என்பது இங்கே எந்தச் சட்டமும் கொடுக்காத, எந்தச் சட்டமும் எடுக்காத வழக்கம். சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. பீஸ் ரேட்டில் இதைக் கண்டும் காணாமல் விடுகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் பழைய 29 தொழிலாளர் சட்டங்களை 4 தொகுப்பாக்கி மத்திய அரசு நடைமுறைப்படுத்திவிட்டது. மின்சாரத்தில் ஓடும் இடத்துக்குத் தொழிற்சாலை என்ற வரம்பு 10 பேரிலிருந்து 20 ஆகிறது, உங்களுக்கு அது கொஞ்சம் லாபம். இ.எஸ்.ஐ.க்கு 10, பி.எஃப்.க்கு 20 என்பதில் மாற்றமில்லை. ஆனால் கூலி என்பதில் எதைச் சேர்ப்பது, எந்தப் படிவம் யாரிடம் போகும் என்பதெல்லாம் அலுவலகங்களுக்கே இன்னும் பழகவில்லை. இதில் யாராவது உங்களிடம் அடித்துச் சொன்னால், அவர் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

வேலையை விடுவதா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. கணக்கு மட்டும் சொல்கிறேன். பீஸ் ரேட் பேசும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், என்னைப் போன்ற ஆளுக்குக் கொடுக்கும் மாதக் கட்டணம், 90 நாள் கடனுக்கு வட்டி, மெஷின் ஓடாத மாதத்திலும் வரும் கரண்ட் நிலைக்கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். அதற்குப் பிறகும் இப்போதைய சம்பளத்தைவிடக் கூட நிற்கிறது, குறைந்தது இரண்டு கம்பெனி வேலை தர ஒப்புக்கொண்டிருக்கிறது, மூன்று மாதக் கூலி கையில் இருக்கிறது என்றால் இறங்குங்கள். இதெல்லாம் சேர்த்தால் கட்டுப்படியாகவில்லை, மறைத்தால்தான் கட்டுப்படியாகிறது என்று வந்தால், அந்தத் தொழிலில் லாபம் ஏற்கெனவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இறங்குவதாக இருந்தால் மெஷினுக்கு முன்னால் கட்டடத்தைப் பாருங்கள். ஜிஎஸ்டி பதிவுக்கு வாடகை ஒப்பந்தத்தோடு கரண்ட் பில்லோ சொத்துவரி ரசீதோ கேட்பார்கள். அதில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் கேள்வி வரும், பதிலுக்கு 7 வேலை நாள்தான் கொடுப்பார்கள், திருப்தியில்லை என்றால் நிராகரிப்பார்கள். நம் பக்கத்தில் பாதிக் கட்டடங்களின் மீட்டர் இன்னும் தாத்தா பெயரில்தான் ஓடுகிறது. அந்தத் தாத்தா இருக்கிறாரா, இல்லையென்றால் வாரிசுச் சான்று இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.